ஒரு பிரிண்டர், ஐந்து சிஸ்டம்: சின்ன அலுவலகத்துக்கு ஒரு வழிகாட்டி

கடலூர் மஞ்சக்குப்பத்து வக்கீல் அலுவலகமானாலும், புதுச்சேரி நேரு வீதியில் மாடியில் இயங்கும் ஆடிட்டர் அலுவலகமானாலும் காட்சி ஒன்றுதான். நான்கைந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு லேசர் பிரிண்டர். அது யாரோ ஒருவரின் சிஸ்டத்தில் செருகியிருக்கும். மற்றவர்கள் பென் டிரைவோடு அந்த மேசைக்கு வருவார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர் ஒவ்வொரு முறையும் எழுந்து இடம் கொடுக்க வேண்டும். நேரம் போவது ஒருபுறம். வானவில், பாமினி போன்ற பழைய எழுத்துருவில் அடித்த மனுவை அந்த எழுத்துரு இல்லாத சிஸ்டத்தில் திறந்தால் வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரியும். யூனிகோடில் அடித்ததுகூட வேறொரு வேர்டு பதிப்பில் திறக்கும்போது வரி தள்ளி, கையெழுத்துப் போடும் இடம் மட்டும் தனியாக அடுத்த தாளுக்குப் போய்விடும். அடித்த சிஸ்டத்திலிருந்தே பிரிண்ட் கொடுத்தால் இந்தத் தொல்லை இரண்டும் இல்லை.

அமைப்பது ஒரு மதிய வேலைதான். ஆனால் அடுத்த வாரமே 'ஆஃப்லைன்' என்று காட்டத் தொடங்கினால் எல்லாரும் பென் டிரைவுக்கே திரும்பிவிடுவார்கள். அப்படி ஆவதற்குப் பெரும்பாலும் இரண்டே காரணம்: பிரிண்டரின் முகவரி மாறியிருக்கும், அல்லது பிரிண்டரைப் பகிர்கிற சிஸ்டம் தூங்கப் போயிருக்கும். கீழே வரும் படிகளில் பாதி இந்த இரண்டையும் முன்கூட்டியே அடைப்பதற்காகத்தான்.

முதலில் பிரிண்டரின் பின்பக்கத்தைப் பாருங்கள்

சதுரமான யுஎஸ்பி துளை மட்டும் இருந்தால் அது ஒரு கம்ப்யூட்டரோடு மட்டும் பேசத் தெரிந்த பிரிண்டர். அதற்குப் பக்கத்தில் ரவுட்டரில் இருப்பதுபோன்ற அகலமான லேன் (கேபிள் நெட்வொர்க்) துளையும் இருந்தால் அதிர்ஷ்டம். வேலை பாதியாகக் குறைந்தது. வைஃபை இருக்கிறதா என்பதை முன்பக்க விளக்கோ மாடல் பெயரோ சொல்லிவிடும்.

மாடல் பெயரின் கடைசி எழுத்துகளைக் கவனிக்கும் பழக்கம் நல்லது. பல கம்பெனிகளில் 'என்' என்றால் லேன், 'டபிள்யூ' என்றால் வைஃபை, 'டி' என்றால் இரண்டு பக்கமும் தானாக அச்சடிப்பது. எச்பியில் 'ஏ' என்று முடிந்தால் பெரும்பாலும் யுஎஸ்பி மட்டும்தான். எப்சன் இங்க் டேங்க்கில் எல்3210-க்கு யுஎஸ்பி மட்டும்; எல்3250-க்கு வைஃபையும் உண்டு. புதிதாக வாங்கப் போகிறவர்கள் லேன் துளை இருப்பதையே வாங்குங்கள். வைஃபை மட்டும் உள்ளது இரண்டாம் பட்சம். யுஎஸ்பி மட்டும் உள்ளதில் மிச்சமாகும் பணத்தை, பிறகு ஆள் கூப்பிட்டுச் சரிசெய்வதில் செலவழித்துவிடுவீர்கள்.

ஆனால் ஊரில் பாதி அலுவலகங்களில் இன்னும் ஓடுவது கேனன் எல்பிபி2900, எச்பி 1020, எம்1005 போன்ற பழைய உழைப்பாளிகள். மூன்றுமே யுஎஸ்பி மட்டும் உள்ளவை. அவற்றைத் தூக்கிப் போட வேண்டியதில்லை; அவற்றுக்கான வழி தனி, அது பின்னால் வருகிறது.

லேன் துளை உள்ள பிரிண்டர்

தேவையானவை: பிரிண்டரிலிருந்து ரவுட்டருக்கு எட்டும் நீளத்தில் ஒரு கேட்6 கேபிள், ரவுட்டரில் காலித் துளை இல்லையென்றால் 5 அல்லது 8 துளை உள்ள சாதாரண நெட்வொர்க் ஸ்விட்ச் (ஒரு லேன் இணைப்பைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி) ஒன்று. லேன் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும், ஆகவே பிரிண்டரை எல்லாருக்கும் நடுவில் வைக்கலாம். கேபிளைக் கரண்ட் வயரோடு ஒரே குழாயில் இழுக்க வேண்டாம்.

1. கேபிளைச் செருகி பிரிண்டரை ஆன் செய்யுங்கள். துளைக்குப் பக்கத்தில் சின்ன விளக்கு எரிய வேண்டும். எரியவில்லை என்றால் மேற்கொண்டு எதுவும் செய்யாமல் கேபிளை மாற்றிப் பாருங்கள்.

2. பிரிண்டரின் நெட்வொர்க் விவரத் தாளை அச்சடியுங்கள். திரை உள்ள மாடலில் மெனுவில் இருக்கும். திரை இல்லாததில் ஏதாவது ஒரு பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடிக்க வேண்டும், எது என்பதைக் கையேடு சொல்லும். அந்தத் தாளில் இரண்டு விவரம் வேண்டும்: ஐபி முகவரி (நெட்வொர்க்கில் பிரிண்டருக்குக் கிடைத்திருக்கும் எண்), மேக் முகவரி (பிரிண்டருக்கே உரிய மாறாத அடையாள எண்). ஐபி முகவரி 169.254 என்று தொடங்கினால் பிரிண்டருக்கு ரவுட்டர் எதுவும் கொடுக்கவில்லை என்று பொருள். கேபிளையோ ஸ்விட்சையோ பாருங்கள்.

3. இப்போது முகவரியை நிலைநிறுத்த வேண்டும். பலர் விட்டுவிடுகிற படி இதுதான். ரவுட்டர் தன்னிடம் வரும் ஒவ்வொரு கருவிக்கும் ஒரு முகவரியைத் தற்காலிகமாகக் கொடுக்கிறது. கரண்ட் போய் வந்ததும் வரிசை மாறி, நேற்று பிரிண்டருக்கு இருந்த முகவரி இன்று யாருடைய போனுக்கோ போயிருக்கலாம். கம்ப்யூட்டர்கள் பழைய முகவரிக்கே அனுப்பிக்கொண்டிருக்கும். ஏதாவது ஒரு கம்ப்யூட்டரில் கமாண்ட் பிராம்ப்ட் திறந்து ஐபிகான்ஃபிக் கட்டளையை ஆங்கிலத்தில் தட்டினால் 'டிஃபால்ட் கேட்வே' வரியில் ரவுட்டரின் முகவரி தெரியும். பல இடங்களில் 192.168.1.1. அதை பிரவுசரில் தட்டி உள்ளே போய், டிஎச்சிபி (முகவரி வழங்கும்) பகுதியில் 'ரிசர்வேஷன்' அல்லது 'ஸ்டாட்டிக் லீஸ்' என்ற இடத்தில் பிரிண்டரின் மேக் முகவரியையும் அதற்குத் தர விரும்பும் ஐபியையும், உதாரணத்துக்கு 192.168.1.200 என்று, எழுதிச் சேமியுங்கள். பிரிண்டரை அணைத்துப் போடுங்கள்.

ரவுட்டரில் நுழையும் பாஸ்வேர்டு இணைப்பு கொடுத்தவர்களிடமே இருந்தால் அவர்களைக் கேளுங்கள். கிடைக்காவிட்டால் முகவரியைப் பிரிண்டரிலேயே கையால் போடலாம்; ஆனால் ரவுட்டர் மற்றவர்களுக்கு வாரி வழங்கும் எண் வரம்புக்கு வெளியே உள்ள எண்ணாகப் பார்த்துப் போட வேண்டும். இல்லையென்றால் என்றாவது ஒருநாள் இரண்டு கருவி ஒரே முகவரியோடு மோதும்.

4. பிரவுசரில் 192.168.1.200 என்று தட்டுங்கள். பிரிண்டரின் சொந்தப் பக்கம் திறந்தால் நெட்வொர்க் வேலை முடிந்தது. அந்தப் பக்கத்துக்கு பாஸ்வேர்டு போட வசதி இருந்தால் போட்டுவிடுங்கள்.

5. ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் பிரிண்டர் கம்பெனியின் தளத்திலிருந்து டிரைவரை (கம்ப்யூட்டரை அந்த பிரிண்டரோடு பேசவைக்கும் மென்பொருள்) இறக்கி நிறுவுங்கள். பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் 'பிரிண்டர்ஸ் அண்ட் ஸ்கேனர்ஸ்' போய் 'ஆட் டிவைஸ்' அழுத்துங்கள். சில நொடியில் விண்டோஸ் தானே பிரிண்டரைக் கண்டுபிடித்துக் காட்டும். அதை அழுத்தக் கை துறுதுறுக்கும், வேண்டாம். சற்றுப் பொறுத்தால் கீழே 'ஆட் மேனுவலி' என்று வரும், அதற்குள் போங்கள். 'ஐபி அட்ரஸ் ஆர் ஹோஸ்ட்நேம்' என்ற வழியைத் தேர்ந்து, டிவைஸ் டைப்பில் 'டிசிபி/ஐபி டிவைஸ்' வைத்து, 192.168.1.200 கொடுத்து, பட்டியலில் டிரைவரைத் தேர்ந்தெடுங்கள். டெஸ்ட் பேஜ் கொடுத்துப் பாருங்கள்.

விண்டோஸ் தானே கண்டுபிடித்ததை ஏன் ஒதுக்க வேண்டும்? அந்த வழியில் பெரும்பாலும் 'டபிள்யூஎஸ்டி' என்ற வகைப் போர்ட் (விண்டோஸ் பிரிண்டருக்கு வேலையை அனுப்பும் வழி) உருவாகும். பிரிண்டர் சற்று ஓய்வுக்குப் போய் எழுந்தாலே அது வழி தவறி 'ஆஃப்லைன்' காட்டும். டிசிபி/ஐபி போர்ட் நேராக பிரிண்டரின் 9100-ஆம் எண் கதவைத் தட்டுகிறது. நடுவில் தேடல் இல்லை.

இவ்வளவுக்குப் பிறகும் பிரிண்டர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே ஆஃப்லைன் என்று காட்டினால் 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'போர்ட்ஸ்', 'கான்ஃபிகர் போர்ட்' என்று போய் 'எஸ்என்எம்பி ஸ்டேட்டஸ் எனேபிள்டு' என்ற டிக்கை எடுத்துவிடுங்கள். விண்டோஸ் பிரிண்டரிடம் நலம் விசாரிக்கும் முறை அது. சில மாடல்கள் பதில் சொல்லாமல் இருந்துவிடும், விண்டோஸும் செத்துவிட்டது என்று முடிவுகட்டிவிடும்.

வைஃபை வழியாக என்றால்

படிகள் அதேதான், கேபிள் மட்டும் இல்லை. கவனிக்க வேண்டியவை சில உண்டு. விலை குறைந்த பிரிண்டர்கள் பலவற்றுக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை மட்டுமே தெரியும். ரவுட்டரில் 5 கிகாஹெர்ட்ஸ் மட்டும் ஆனில் இருந்தால் பெயரே தெரியாது. வருகிறவர்களுக்கென்று வைத்த 'கெஸ்ட்' வைஃபையில் பிரிண்டரைச் சேர்க்காதீர்கள். அதில் ஒரு கருவி இன்னொன்றைப் பார்க்க முடியாதபடி தடுப்பு இருக்கும்.

புதுச்சேரியின் கடற்கரையோர வீதிகளில், பழைய பிரெஞ்சுக் காலக் கட்டடங்களில் அலுவலகம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. அந்தச் சுண்ணாம்புக் காரைச் சுவர்களின் தடிமன் வெயிலுக்கு நல்லது, வைஃபைக்கு எமன். ரவுட்டர் முன் அறையிலும் பிரிண்டர் முற்றம் தாண்டிப் பின் அறையிலும் இருந்தால் காலையில் ஓடும், மதியம் நிற்கும். கதவு நிலைக்கு மேலாக ஒரு லேன் கேபிளை இழுத்துவிடுவதே அங்கே தீர்வு. பிரிண்டரில் லேன் துளை இல்லையென்றால் ரவுட்டரை நடு அறைக்கு நகர்த்துங்கள்.

யுஎஸ்பி மட்டும் உள்ள பிரிண்டர்

இங்கே ஒரு கம்ப்யூட்டர் பிரிண்டருக்குப் பொறுப்பாளியாக நிற்கும். மற்றவை அதனிடம் வேலையைக் கொடுக்கும், அது பிரிண்டரிடம் கொடுக்கும். அந்தக் கம்ப்யூட்டர் அணைந்திருந்தால் யாருக்கும் பிரிண்ட் இல்லை. ஆகவே எதைப் பொறுப்பாளி ஆக்குவது என்பதை யோசித்து முடிவெடுங்கள். காலையில் முதலில் ஆன் ஆகி மாலையில் கடைசியாக அணைவது, டெஸ்க்டாப், யுபிஎஸ்ஸில் இருப்பது, லேன் கேபிளில் இணைந்தது: இந்த நான்கும் பொருந்துவது பெரும்பாலும் வரவேற்பு மேசைக் கம்ப்யூட்டர்தான். முதலாளியின் லேப்டாப்பில் செருகினால் அவர் கோர்ட்டுக்கோ பேங்க்குக்கோ கிளம்பும்போது பிரிண்டரும் கூடவே கிளம்பிவிடும்.

யுஎஸ்பி கேபிள் 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. 2 மீட்டர் போதும்.

பொறுப்பாளிக் கம்ப்யூட்டரில் செய்ய வேண்டியவை:

1. டிரைவரை நிறுவி, அங்கிருந்தே டெஸ்ட் பேஜ் எடுத்துவிடுங்கள். இங்கே அச்சாகாதது வேறெங்கிருந்தும் அச்சாகாது.

2. கம்ப்யூட்டருக்குச் சின்னதாக, இடைவெளியில்லாமல், ஆங்கிலத்தில் 15 எழுத்துக்குள் பெயர் வையுங்கள். முன்பு லேன் பகுதியின் மூன்றாம் படியில் ரவுட்டரில் பிரிண்டருக்குச் செய்ததுபோல இந்தக் கம்ப்யூட்டருக்கும் ஒரு நிலையான முகவரியை ஒதுக்குங்கள், இங்கே 192.168.1.10 என்று வைத்துக்கொள்வோம்.

3. நெட்வொர்க் செட்டிங்ஸில் இணைப்பின் வகை 'பப்ளிக்' என்று இருந்தால் 'பிரைவேட்' ஆக்குங்கள். பப்ளிக்கில் இருக்கும் கம்ப்யூட்டர் மற்றவர்களுக்குக் கதவைச் சாத்திக்கொள்ளும். புது ரவுட்டர் மாற்றிய மறுநாள் பிரிண்ட் வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது; விண்டோஸ் அதைப் புது நெட்வொர்க் என்று நினைத்து மறுபடி பப்ளிக் ஆக்கியிருக்கும்.

4. 'அட்வான்ஸ்டு ஷேரிங் செட்டிங்ஸ்' என்று ஸ்டார்ட் மெனுவில் தேடி, பிரைவேட் பகுதியில் 'நெட்வொர்க் டிஸ்கவரி', 'ஃபைல் அண்ட் பிரிண்டர் ஷேரிங்' இரண்டையும் ஆன் செய்யுங்கள்.

5. பிரிண்டரின் 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்' திறந்து, 'ஷேரிங்' தாவலில் 'ஷேர் திஸ் பிரிண்டர்' டிக் செய்து, இடைவெளி இல்லாத ஒரு பெயர் கொடுங்கள். பக்கத்திலேயே 'பிரிண்டிங் ப்ரிஃபரன்சஸ்' என்றொன்று இருக்கும். அது தாள் அளவு, தரம் போன்றவற்றுக்கு. ஷேரிங் அதற்குள் இருக்காது.

6. பவர் செட்டிங்ஸில் 'ஸ்லீப்' என்பதை 'நெவர்' ஆக்குங்கள். திரை அணையலாம், கம்ப்யூட்டர் தூங்கக் கூடாது.

7. பிரிண்டுக்கென்று தனிப் பயனர் கணக்கு ஒன்று. செட்டிங்ஸில் 'அக்கவுண்ட்ஸ்', 'அதர் யூசர்ஸ்' போய், மைக்ரோசாஃப்ட் கணக்கு இல்லாத உள்ளூர்ப் பயனராக ஒன்றை உருவாக்கி பாஸ்வேர்டு வையுங்கள். நிர்வாகி உரிமை அதற்குத் தேவையில்லை.

ஏழாவது படியைத் தாண்டிப்போக 'பாஸ்வேர்டு ப்ரொடெக்டட் ஷேரிங்' என்பதை ஆஃப் செய்துவிடச் சொல்லும் ஆலோசனை எங்கும் கிடைக்கும். அலுவலகக் கோப்புகளுக்கு அது பாதுகாப்பில்லை என்பதோடு, இப்போது வேலைக்கும் ஆகாது. பெயரில்லாத விருந்தாளியாக நுழையும் அந்த முறையை விண்டோஸ் 11 ப்ரோவின் 24எச்2 பதிப்பு இயல்பாகவே மறுத்துவிடுகிறது. தனிக் கணக்கு ஐந்து நிமிட வேலை; செய்துவிடுங்கள்.

மற்ற கம்ப்யூட்டர்களில்:

1. அதே டிரைவரை, அதே பதிப்பை, முதலில் நிறுவுங்கள். நிறுவும்போது யுஎஸ்பி கேபிளைச் செருகச் சொல்லிக் காத்திருந்தால் அந்தப் படியைத் தவிர்த்துவிடலாம். ஃபயர்வால் அனுமதி கேட்டால் கொடுங்கள். கேனன் எல்பிபி வகையில் இது முக்கியம்.

2. விண்டோஸ் பட்டனோடு ஆர் அழுத்தி, வரும் பெட்டியில் \\192.168.1.10 என்று தட்டி எண்டர். பயனர் பெயர் கேட்கும். பொறுப்பாளிக் கம்ப்யூட்டரின் பெயர், பின்சாய்வுக் கோடு (\), பிரிண்டுக்கென்று உருவாக்கிய பயனர் பெயர் என்ற வரிசையில் கொடுங்கள். பாஸ்வேர்டு கொடுத்து 'ரிமெம்பர்' டிக் செய்யுங்கள்.

இங்கே பலர் மாட்டிக்கொள்வது 'பின்' (PIN) எண்ணில். கம்ப்யூட்டரைத் திறக்கத் தினமும் தட்டும் நான்கிலக்கப் பின் அந்தக் கம்ப்யூட்டருக்குள் மட்டுமே செல்லும். நெட்வொர்க் வழியாக நுழைய அது உதவாது. முழுப் பாஸ்வேர்டுதான் வேண்டும்.

3. பிரிண்டர் படம் தெரியும். இருமுறை அழுத்தினால் இணையும். நிர்வாகி பாஸ்வேர்டு கேட்டால் திகைக்க வேண்டாம். 2021 ஆகஸ்டு அப்டேட்டுக்குப் பிறகு, ஷேர் செய்த பிரிண்டரின் டிரைவரை நிறுவ நிர்வாகி உரிமை தேவை. 'பிரிண்ட்நைட்மேர்' என்ற ஓட்டை வெளியான பின் வந்த கட்டுப்பாடு அது.

4. செட்டிங்ஸில் 'லெட் விண்டோஸ் மேனேஜ் மை டிஃபால்ட் பிரிண்டர்' என்பதை ஆஃப் செய்து, இந்த பிரிண்டரை டிஃபால்ட் ஆக்குங்கள். இல்லையென்றால் ஒருமுறை பிடிஎஃப் ஆகச் சேமித்தாலே அதுவே டிஃபால்ட் ஆகி, அடுத்த பிரிண்ட் எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கும்.

இணைக்கும்போது பிழை வந்தால்

11பி என்று முடியும் பிழை எண் 2021 செப்டம்பர் அப்டேட்டோடு பரவலாக வந்தது. பொறுப்பாளிக் கம்ப்யூட்டர் பாதுகாப்பான இணைப்பைக் கேட்க, எதிர்ப்பக்கம் அதைப் பேசத் தெரியாமல் நிற்பதுதான் காரணம். இரண்டு கம்ப்யூட்டருக்கும் எல்லா அப்டேட்டும் போட்டாலே பலருக்குச் சரியாகிவிடும். விண்டோஸின் உள் அமைப்புகள் இருக்கும் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைப் பூஜ்யமாக்கும் வைத்தியமும் சுற்றுகிறது. அது அந்தப் பாதுகாப்பையே கழற்றிவிடுவது, அதனால் அதைப் பரிந்துரைக்க மாட்டோம்.

709 என்று முடியும் பிழை பெரும்பாலும் பழைய விண்டோஸும் புது விண்டோஸ் 11-உம் கலந்திருக்கும் இடத்தில் வரும். 22எச்2 முதல் விண்டோஸ் 11 பிரிண்ட் வேலையை அனுப்பும் பாதையே மாறிவிட்டது. பழையதற்கு அந்தப் பாதை புரியாது.

இரண்டு பிழைக்கும் அனேகமாகக் கைகொடுக்கும் ஒரு சுற்றுவழி உண்டு. ஷேர் செய்த பிரிண்டராக இணைக்காமல், உள்ளூர் பிரிண்டர்போலச் சேர்ப்பது. 'ஆட் மேனுவலி', அதில் 'லோக்கல் பிரிண்டர்... மேனுவல் செட்டிங்ஸ்', பிறகு 'கிரியேட் எ நியூ போர்ட்', வகை 'லோக்கல் போர்ட்'. போர்ட் பெயராக இரண்டு பின்சாய்வுக் கோடு, பொறுப்பாளிக் கம்ப்யூட்டரின் பெயர் அல்லது முகவரி, ஒரு பின்சாய்வுக் கோடு, ஷேர் பெயர். பிறகு டிரைவரைத் தேர்ந்தெடுத்தால் முடிந்தது. இது ஓட, 'மற்ற கம்ப்யூட்டர்களில்' என்ற பகுதியின் இரண்டாம் படியில் சொன்ன பாஸ்வேர்டு முன்பே சேமிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு மூலையில் விண்டோஸ் 7 ஓடும் 32 பிட் கம்ப்யூட்டர் இருந்தால், அதற்கு 32 பிட் டிரைவரைத் தனியாக அதிலேயே நிறுவி மேலே சொன்ன லோக்கல் போர்ட் வழியில் சேருங்கள். ஆனால் விண்டோஸ் 7-க்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் 2020 ஜனவரி 14-லேயே நின்றது. விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-இல். அந்தக் கம்ப்யூட்டரைப் பொறுப்பாளி ஆக்கிவிடாதீர்கள்.

ரவுட்டரின் யுஎஸ்பி துளையில் செருகலாமா?

கடைக்காரர் பிரிண்ட் சர்வர் என்று ஒரு சின்னப் பெட்டியைக் காட்டுவார். சில ரவுட்டரிலேயே யுஎஸ்பி துளை இருக்கும். பொறுப்பாளிக் கம்ப்யூட்டரே வேண்டாமே என்று தோன்றும். ஆனால் எல்பிபி2900, 1020 போன்றவற்றை நினைத்து வாங்குவதாக இருந்தால் நில்லுங்கள். இவை பக்கத்தைத் தாமே உருவாக்கத் தெரியாதவை. அந்தக் கணக்கையெல்லாம் கம்ப்யூட்டரில் உள்ள டிரைவர் செய்துகொடுக்கும். எச்பி 1020 ஆன் ஆகும் ஒவ்வொரு முறையும் தன்னை இயக்கும் உள் மென்பொருளான ஃபர்ம்வேரையே கம்ப்யூட்டரிடமிருந்துதான் வாங்கிக்கொள்கிறது. எல்பிபி2900 டிரைவரோடு இடைவிடாமல் இருபக்கமும் பேசிக்கொண்டிருக்கும். சாதாரணப் பெட்டி ஒருபக்கமாகத் தள்ளத் தெரிந்தது, இவற்றுக்குப் போதாது. பெட்டியின் ஆதரவுப் பட்டியலில் உங்கள் மாடல் பெயர் எழுத்துக்கு எழுத்து இருந்தால் மட்டும் வாங்குங்கள், அதுவும் திருப்பித் தரும் வசதியோடு.

லினக்ஸ் தெரிந்தவர் அலுவலகத்தில் இருந்தால் ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டரில் கப்ஸ் என்ற பிரிண்ட் மென்பொருளை நிறுவி இந்த வேலையைச் செய்ய முடியும். தெரிந்தவர் வேலையை விட்டுப் போனால் என்ன செய்வது என்பதையும் யோசித்துக்கொள்ளுங்கள்.

ஏ4-உம் லீகலும்

பகிர்வு ஓடத் தொடங்கியதும் வக்கீல், பத்திர எழுத்தர் அலுவலகங்களில் எழும் அடுத்த சிக்கல் இது. டிரேயில் ஏ4 தாள் இருக்கும். ஒருவர் லீகல் அளவில் பிரிண்ட் கொடுப்பார். பிரிண்டர் விளக்கைச் சிமிட்டிக்கொண்டு லீகல் தாளுக்காகக் காத்திருக்கும். அதற்குப் பின்னால் வந்த எல்லா வேலையும் வரிசையில் நிற்கும். மற்ற அறையில் இருப்பவர்கள் பிரிண்டர் கெட்டுவிட்டது என்று மறுபடி மறுபடி கொடுப்பார்கள். யாராவது போய் ஓகே பட்டனை அழுத்தியதும் ஒரே மனு ஆறு பிரதி வந்து விழும்.

இதற்கு ஒரே பிரிண்டரை இரண்டு பெயரில் நிறுவுவது நல்ல வழி. அதே டிரைவர், அதே போர்ட், ஆனால் பெயர் மட்டும் வேறு. ஒன்றின் டிஃபால்ட் தாள் ஏ4, எடுக்கும் இடம் டிரே. இன்னொன்றின் டிஃபால்ட் தாள் லீகல், எடுக்கும் இடம் கையால் செருகும் வாய். 'பிரிண்டர் ப்ராப்பர்ட்டீஸ்', 'அட்வான்ஸ்டு', 'பிரிண்டிங் டிஃபால்ட்ஸ்' வழியாக இதை அமைத்தால் எல்லாப் பயனருக்கும் பொருந்தும். இரண்டையும் தனித்தனிப் பெயரில் ஷேர் செய்யுங்கள். பழைய 'டிவைசஸ் அண்ட் பிரிண்டர்ஸ்' சாளரத்தில் இரண்டும் ஒரே படமாகத் தெரியலாம். செட்டிங்ஸில் தனித்தனியாக இருக்கும்.

ஏ4 என்பது 210 × 297 மி.மீ., லீகல் 216 × 356 மி.மீ., அதாவது எட்டரை அங்குலத்துக்குப் பதினான்கு. ஆனால் கடையில் லீகல் என்று கேட்டு வாங்கும் தாள் எல்லாமே 14 அங்குலம் இருக்காது. ஸ்கேல் வைத்து அளந்து, குறைவாக இருந்தால் டிரைவரில் அந்த அளவையே தனியாக உருவாக்குங்கள். இல்லையென்றால் கடைசி வரி தாளுக்கு வெளியே போகும், அல்லது ஜாம் என்று நிற்கும்.

வரிசை அடைத்துக்கொண்டால்

ஒருவர் தன் பிரிண்ட்டைத் தானே நீக்கலாம். அடுத்தவருடையதை நீக்க முடியாது. ஆகவே வரிசையின் முன்னால் நிற்கும் வேலை வேறொருவருடையது என்றால் பொறுப்பாளிக் கம்ப்யூட்டரில் நிர்வாகியாக நுழைந்துதான் நீக்க வேண்டும். அங்கும் 'டிலீட்டிங்' என்று காட்டி நகராமல் நின்றால்: ஸ்டார்ட் மெனுவில் 'சர்வீசஸ்' திறந்து 'பிரிண்ட் ஸ்பூலர்' என்பதை நிறுத்துங்கள். சி டிரைவில் விண்டோஸ், அதற்குள் சிஸ்டம்32, அதற்குள் ஸ்பூல், அதற்குள் பிரிண்டர்ஸ் என்ற ஃபோல்டருக்குள் இருக்கும் கோப்புகளை மட்டும் அழியுங்கள், ஃபோல்டரை விட்டுவிடுங்கள். ஸ்பூலரை மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். காத்திருந்த எல்லாருடைய வேலையும் போய்விடும் என்பதால் முன்கூட்டியே ஒரு குரல் கொடுத்துவிடுவது நல்லது.

இரண்டு ரவுட்டர் இருக்கும் அலுவலகம்

எல்லாம் சரியாகச் செய்தும் இரண்டு கம்ப்யூட்டருக்கு மட்டும் பிரிண்டர் தெரியவே இல்லை என்றால் அவற்றின் ஐபி முகவரியைப் பாருங்கள். மற்றவை 192.168.1 என்றும் இவை 192.168.0 என்றும் தொடங்கினால் விஷயம் புரிந்துவிடும். ஃபைபர் இணைப்போடு வந்த பெட்டி ஒரு ரவுட்டர். சிக்னல் போதவில்லை என்று பின்னால் வாங்கி மாட்டியது இன்னொன்று. இரண்டாவது தனக்கென்று வேலி போட்டு ஒரு தனி நெட்வொர்க்கை உருவாக்கிக்கொண்டது. இன்டர்நெட் இரண்டிலும் வருவதால் யாருக்கும் சந்தேகம் வராது.

இரண்டாவது ரவுட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' முறைக்கு மாற்றுங்கள். அந்த வசதி இல்லாத பழையது என்றால் அதன் டிஎச்சிபியை அணைத்து, அதன் சொந்த முகவரியை முதல் ரவுட்டரோடு மோதாத எண்ணாக, உதாரணமாக 192.168.1.2 ஆக, மாற்றி, கேபிளை 'வேன்' (இன்டர்நெட்) துளையிலிருந்து எடுத்து லேன் துளை ஒன்றில் செருகுங்கள். எல்லாரும் ஒரே நெட்வொர்க்குக்கு வந்துவிடுவார்கள்.

கரண்ட், மழை, கடல் காற்று

லேசர் பிரிண்டரை யுபிஎஸ்ஸில் செருகாதீர்கள். மையைத் தாளில் உருக்கி ஒட்டும் உருளை சூடாகும் நேரத்தில் பிரிண்டர் பல நூறு வாட் இழுக்கும். அலுவலகத்தில் இருக்கும் 600 விஏ யுபிஎஸ் அதைத் தாங்காமல் கத்தும். கூடவே செருகியிருக்கும் கம்ப்யூட்டரும் அணையும். பிரிண்டர் நேராகச் சுவர் பிளக்கில் இருக்கட்டும். யுபிஎஸ் வேண்டியது ரவுட்டருக்கும் ஸ்விட்சுக்கும் பொறுப்பாளிக் கம்ப்யூட்டருக்கும். இங்க் டேங்க் பிரிண்டருக்கு இந்தத் தடை இல்லை.

ஸ்விட்சையும் யுபிஎஸ்ஸையும் மேசைக்கடியில் தரையில் வைக்கும் வழக்கத்தை இந்தக் கடற்கரை ஊர்களில் விட்டுவிடலாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் 24 மணி நேரத்தில் 40 செ.மீ.-க்கு மேல் மழை கொட்டியது. தரைத்தளங்களுக்குள் தண்ணீர் புகுந்தது. இடுப்பளவு உயரத்தில் ஒரு சுவர்த் தட்டு அடித்து அதில் வையுங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் பிளக்கோடு லேன் கேபிளையும் பிரிண்டரிலிருந்து கழற்றுங்கள். இடி கரண்ட் வயரில் மட்டும் வருவதில்லை.

ஈரக்காற்றில் திறந்து கிடக்கும் தாள் ஈரம் இழுத்துக்கொள்ளும். லேசரில் அது சுருண்டு வெளியே வரும், இரண்டு இரண்டாக இழுக்கும், மை விரலோடு உதிரும். பகிர்ந்த பிரிண்டரில் இது இன்னும் தொல்லை: ஜாம் ஆனது அடுத்த அறையில் இருப்பவருக்குத் தெரியாது. 500 தாள் கட்டை அதன் உறையிலேயே வைத்து, அன்றைக்குத் தேவையானதை மட்டும் டிரேயில் போடுங்கள். மீதமிருந்தால் சனிக்கிழமை மாலை எடுத்து உறைக்குள் வைத்துவிடுங்கள்.

ஸ்கேனரும் போனும்

ஸ்கேனரோடு சேர்ந்த பிரிண்டரை யுஎஸ்பி வழியாக ஷேர் செய்தால் அச்சு மட்டுமே பகிரப்படும். ஸ்கேன் பொறுப்பாளிக் கம்ப்யூட்டரிலிருந்து மட்டும்தான். விண்டோஸின் பிரிண்டர் ஷேரிங்கில் அதற்கு வழி இல்லை. அந்தக் கம்ப்யூட்டரில் 'ஸ்கேன்' என்று ஒரு ஃபோல்டரை ஷேர் செய்து, ஸ்கேன் செய்ததை அதில் சேமித்தால் மற்றவர்கள் தங்கள் இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளலாம். லேன் அல்லது வைஃபை உள்ள மாடல்களில் கம்பெனியின் முழு மென்பொருளை நிறுவினால் எல்லாக் கம்ப்யூட்டரிலிருந்தும் ஸ்கேன் வரும்.

போனிலிருந்து அச்சடிக்க பிரிண்டரில் ஏர்பிரிண்ட் (ஐபோனுக்கு) அல்லது மோப்ரியா (ஆண்ட்ராய்டுக்கு) ஆதரவு வேண்டும். போனும் அதே வைஃபையில் இருக்க வேண்டும். பழைய யுஎஸ்பி பிரிண்டருக்கு இது கிடையாது. கட்சிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய ஆதார் நகலை, பொறுப்பாளிக் கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் வெப் திறந்து அச்சடித்து, முடிந்ததும் லாக்-அவுட் செய்துவிட்டு, இறக்கிய கோப்பையும் அழித்துவிடுங்கள்.